காஹாங்கைத் தெரிந்தவர் எழுதட்டும்

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், குளுவாங்கிலிருந்து மெர்சிங்குக்குப் போகும் சாலையில், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் சிறு பட்டணம் காஹாங். எண்டாவ்-ரொம்பின் தேசியப் பூங்காவுக்குக் கம்போங் பெத்தா வழியாகப் போகிறவர்கள் இங்கேதான் பிரதான சாலையை விட்டுத் திரும்ப வேண்டும். பூங்காவின் ஜொகூர் பக்க வாசல்களில் ஒன்றான பெத்தாவுக்கு இங்கிருந்து ஏறக்குறைய 56 கிலோமீட்டர். தோட்டங்களுக்குள் புகுந்து போகும் கரடுமுரடான பாதை என்பதால், மழை பிடித்துவிட்டால் சாதாரணக் காரை நம்பி இறங்க முடியாது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பூங்காவையே மூடிவிடுவது வழக்கம்.

இந்தப் பூங்காவைப் பற்றி இணையத்தில் கட்டுரைகளுக்குப் பஞ்சமில்லை. அவற்றில் பலவற்றைப் படித்து முடித்தாலும், எந்த மாதத்தில் போகலாம், எந்த வண்டியில் போகலாம், அனுமதிக்கு யாரைக் கேட்க வேண்டும் என்பது தெரியாது. ‘இயற்கை எழில் கொஞ்சும்’ என்று தொடங்கி, ‘மறக்க முடியாத அனுபவம்’ என்று முடிந்து, கீழே முன்பதிவுப் பொத்தான் இருக்கும். எழுதியவர் காஹாங் பக்கமே வந்ததில்லை என்பது இரண்டாவது பத்தியிலேயே தெரிந்துவிடுகிறது. பயணம் விற்பதற்காக எழுதப்பட்ட கட்டுரைதான், விற்பதில் தவறில்லை. ஆனால் டிசம்பர் மாதத்தில் அதை நம்பிக் குடும்பத்தோடு கிளம்புகிறவருக்கு அந்தக் கட்டுரை ஆபத்தானது. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜொகூரை மூழ்கடித்த வெள்ளத்தையும், 2023 மார்ச்சில் மறுபடி வந்த வெள்ளத்தையும் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இதே வகைக் கட்டுரைகள் நம் சிறு வியாபாரிகளுக்கும் விற்கப்படுகின்றன. 2020 மார்ச் 18இல் கோவிட் பெருந்தொற்றுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்த பிறகு, நம் சிறுபட்டணங்களிலும் தோட்டப்புறங்களிலும் வீட்டிலிருந்தே வியாபாரம் தொடங்கியவர்கள் ஏராளம். முறுக்கு, ஊறுகாய், மசாலாத் தூள், பூமாலை, தையல், வாடகை வண்டி என்று ஆளுக்கு ஒன்றைப் பிடித்துக்கொண்டார்கள். முதலில் ஃபேஸ்புக், அப்புறம் ஷோப்பி, கொஞ்சம் வளர்ந்ததும் சொந்தமாக ஓர் இணையதளம். அந்தக் கட்டத்தில்தான் ‘கூகுளில் முதல் பக்கத்தில் வரவைக்கிறோம், மாதத்துக்கு இத்தனை கட்டுரை, இத்தனை வெள்ளி’ என்று ஆட்கள் வந்து சேருகிறார்கள். கையில் சேர்த்த கொஞ்சப் பணம் அங்கே போகிறது. பதிலுக்குக் கிடைப்பவை, எந்த ஊருக்கும் எந்தக் கடைக்கும் பெயரை மாற்றி ஒட்டக்கூடிய கட்டுரைகள்.

இந்தத் தொழிலின் வரலாறு தெரிந்தால் யாரும் பணத்தைக் கொடுக்க யோசிப்பார்கள். 2000களில், ஒருவருடைய தளத்துக்கு எத்தனை இடங்களிலிருந்து இணைப்பு வருகிறது என்பதைத் தேடுபொறிகள் பெரிதாக மதித்தன. அதனால் ஒரே கட்டுரையை வார்த்தைகளை மட்டும் மாற்றிப் பல இடங்களில் போட்டு, அடியில் தன் தளத்தின் முகவரியைச் சேர்ப்பது ஒரு பெரிய தொழிலாகவே வளர்ந்தது. 1999இல் தொடங்கிய ஈசைன்ஆர்ட்டிகிள்ஸ் போன்ற கட்டுரைக் கிடங்குகள் அப்படித்தான் கொழித்தன. 2011 பிப்ரவரியில் கூகுள் ‘பாண்டா’ என்ற மாற்றத்தைக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் நடக்கும் தேடல்களில் ஏறக்குறைய 12 விழுக்காட்டின் முடிவுகள் அதனால் மாறும் என்று அந்நிறுவனமே அறிவித்தது. கட்டுரைக் கிடங்குகள் ஒரே அடியில் சரிந்தன. அடுத்த ஆண்டு வந்த ‘பெங்குவின்’ விலைக்கு வாங்கிய இணைப்புகளைக் குறிவைத்தது. 2024 மார்ச்சில், தேடலில் இடம் பிடிப்பதற்காகவே பக்கங்களை மொத்தமாக உற்பத்தி செய்வது, மனிதர் செய்தாலும் இயந்திரம் செய்தாலும், விதிமீறல் என்று கூகுள் எழுதி வைத்துவிட்டது.

இவ்வளவு நடந்த பிறகும் அதே சரக்கு விற்கப்படுகிறது என்பதுதான் எனக்கு ஆறாத கோபம். முன்பு ஒரு கட்டுரைக்கு ஓர் ஆள் உட்கார்ந்து தட்டச்சு செய்ய வேண்டியிருந்தது. இப்போது செயற்கை நுண்ணறிவு நொடியில் பத்துக் கட்டுரை தருகிறது. விற்பவருக்குச் செலவே இல்லை, வாங்குகிறவருக்கு மட்டும் செலவு. இதில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. பொதுவான கேள்விக்குத் தேடுபொறியே இப்போது மேலே பதிலைத் தொகுத்துக் கொடுத்துவிடுகிறது. ‘காடு ஏன் முக்கியம்’, ‘முறுக்கு எப்படிச் செய்வது’ என்ற கேள்விகளுக்காக யாரும் ஒரு சிறு வியாபாரியின் தளத்துக்குள் வரப்போவதில்லை. பொதுச் சரக்கை எழுதி ஆள் சேர்க்கும் காலம் போய்விட்டது. மிஞ்சியிருப்பது அந்த ஆளுக்கு மட்டும் தெரிந்த விஷயம்தான். 2022 டிசம்பரில் கூகுள் தன் தர மதிப்பீட்டு வழிகாட்டியில் ‘அனுபவம்’ என்பதையும் ஓர் அளவுகோலாகச் சேர்த்தது இதை உணர்ந்துதான் என்று நினைக்கிறேன்.

வியாபாரத்துக்காக எழுதுவது தாழ்ந்த எழுத்து என்ற எண்ணம் நம் இலக்கிய வட்டாரத்தில் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. 1900இல் பிரான்சில் மூவாயிரம் கார்கூட இல்லாத காலத்தில், மிஷலின் என்ற டயர் நிறுவனம் 35,000 பிரதிகள் அச்சிட்டு ஒரு வழிகாட்டி நூலை இலவசமாகக் கொடுத்தது. டயர் மாற்றுவது எப்படி, பெட்ரோல் எங்கே கிடைக்கும், எந்த ஊரில் தங்கலாம் என்பதெல்லாம் அதில் இருந்தன. மக்கள் வண்டியை அதிகம் ஓட்டினால் டயர் தேயும், தேய்ந்தால் விற்கும் என்பதுதான் கணக்கு. ஆனாலும் அந்த நூல் ஓட்டுநருக்கு உண்மையில் உதவியது. தமிழ் இதழுலகில், அஞ்சல் வழி வியாபாரமும் விளம்பர முகவர் வேலையும் பார்த்துக்கொண்டிருந்த எஸ்.எஸ். வாசன்தான் 1928இல் ஆனந்த விகடன் இதழை வாங்கி நடத்தினார். எதை விற்பதானாலும் வாசகனுக்கு முதலில் படிக்க ஏதாவது கொடுக்க வேண்டும் என்பது வியாபாரிகளுக்குப் புது விஷயமில்லை.

என்ன எழுதுவது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: உங்கள் வாட்ஸ்அப்பைத் திறந்து பாருங்கள். தீபாவளிக்கு முறுக்கு சுட்டு விற்கும் ஓர் அம்மாவிடம் வாடிக்கையாளர்கள் கேட்பவை எல்லாம் அங்கே கிடக்கும். எந்த எண்ணெயில் சுடுகிறீர்கள்? உளுந்து வீட்டில் வறுத்து அரைத்ததா, கடை மாவா? மழைக்காலத்தில் டின்னைத் திறந்து வைத்தால் எத்தனை நாளில் நமுத்துப்போகும்? சபாவுக்கு அனுப்பினால் உடையாமல் போய்ச் சேருமா? தீபாவளிக்கு எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும்? ஒவ்வொரு கேள்வியும் ஒரு கட்டுரை. அந்த அம்மா ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் குரல்பதிவில் சொல்லிக்கொண்டிருக்கும் பதில்களை ஒரே ஒரு முறை எழுதி வைத்தால் போதும். மாவு பதம் தப்பினால் முறுக்கு எண்ணெயில் எப்படிப் பிரிந்துபோகும் என்று அவர் எழுதும் நாலு வரியை எந்த நிறுவனத்தாலும் எழுதித் தர முடியாது.

காஹாங்கில் வண்டி ஓட்டுகிறவருக்கும் அப்படியே. எந்த இடத்தில் பாதை சேறாகும், மழை பெய்த மறுநாள் போகலாமா, காட்டுக்குள் கைப்பேசித் தொடர்பு கிடைக்குமா, ஊப்பே குலிங் அருவியோடு திரும்பிவிடலாமா, புவாயா சங்குட் அருவி வரை நடக்க எப்படிப்பட்ட உடல்வலு வேண்டும் என்று அவர் எழுதினால், அதைப் படித்துவிட்டு அவரைத்தானே கூப்பிடுவார்கள்? பெத்தாவில் வழிகாட்டிகளாக இருக்கும் ஜக்குன் பூர்வகுடியினரின் அறிவை அங்கே எடுத்தாளும்போது அது அவர்களிடமிருந்து வந்தது என்றும் சொல்ல வேண்டும். காட்டைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு அவர்கள் சொன்னதுதான். எழுதுவதற்கு முன் இன்னொன்று: சுற்றுலாத் தொகுப்பு விற்கிறவருக்கு 1992ஆம் ஆண்டுச் சுற்றுலாத் தொழில் சட்டத்தின்கீழ் உரிமம் வேண்டும்.

சட்டம் என்றதும் சிலர் முகம் சுளிக்கிறார்கள். மின்வணிகப் பயனீட்டாளர் பாதுகாப்பு விதிமுறைகள், இணையத்தில் விற்பவர் தன் பெயர், பதிவு எண், தொடர்பு விவரம், அனுப்பும் செலவு உட்பட முழு விலை ஆகியவற்றைத் தளத்தில் காட்ட வேண்டும் என்கின்றன. ‘விலைக்கு பிஎம் (தனிச்செய்தி) செய்யவும்’ என்று போடுகிறவர்கள் இதைப் படிக்க வேண்டும். விலையையும் முகவரியையும் மறைத்துவிட்டு எழுதும் ஆயிரம் சொல் கட்டுரையைவிட, அவை தெளிவாக உள்ள பத்து வரிப் பக்கம்தான் நம்பிக்கை தரும்.

மொழி பற்றி. எதையும் தமிழில்தான் எழுத வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். காட்டுக்கு வருகிறவர்களில் மலாய்க்காரர், சீனர், சிங்கப்பூரர் என்று எல்லாரும் உண்டு. வண்டிக்காரர் முதலில் மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதட்டும். முறுக்கு விற்பவருக்கும் பூமாலை கட்டுபவருக்கும் திருமணப் பொருள் விற்பவருக்கும் தமிழ்ப் பக்கம் கட்டாயம் வேண்டும். 520க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ள நாடு இது. தமிழைக் கணினியில் ஏற்றிய முன்னோடிகளில் ஒருவரான, ‘முரசு அஞ்சல்’ மென்பொருளை உருவாக்கிய முத்து நெடுமாறன் நம் நாட்டவர். கையில் இவ்வளவு இருந்தும், வாடிக்கையாளரோடு நாள் முழுக்கத் தமிழில் பேசிவிட்டு, தளத்தில் மட்டும் யாரோ எழுதிய ஆங்கிலத்தைப் போட்டுக்கொள்கிறோம்.

தமிழ் இணையத்திலும் குப்பை சேர்ந்துவிட்டது உண்மைதான். 2018 பிப்ரவரியில் கூகுளின் ஆட்சென்ஸ் விளம்பரத் திட்டம் தமிழுக்கு வந்தது. எழுதிப் பிழைக்க வழி பிறந்ததே என்று மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். கூடவே ‘இதைச் சாப்பிட்டால் சர்க்கரை நோய் ஓடிவிடும்’ வகையறாவும் பெருகிவிட்டது. தெரிந்தவர்கள் எழுதாமல் விட்ட இடத்தில்தான் அவை முளைக்கின்றன.

கிராமப்புறங்களில் முன்பு ‘பெடி’ என்று இருந்து, இப்போது ‘நாடி’ என்று பெயர் மாறியிருக்கும் சமூக இணைய மையங்களில் இணைய வியாபாரப் பயிற்சி நடக்கிறது. நம் வர்த்தகச் சங்கங்களும் டிஜிட்டல் வகுப்பு நடத்துகின்றன. வகுப்புகளில் பெரும்பாலும் விளம்பரம் போடவும் படம் எடுக்கவும் சொல்லித் தருகிறார்கள். அதோடு பங்கேற்பாளர் ஒவ்வொருவரும் தன் தொழிலில் வாடிக்கையாளர் அதிகம் கேட்கும் ஒரு கேள்விக்கு அங்கேயே உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதட்டும். எழுத வராதவர் சொல்லச் சொல்ல, பக்கத்தில் இருக்கும் படித்த பிள்ளை எழுதித் தரட்டும். எழுதிய தேதியைப் பக்கத்தின் மேலே போட வேண்டும்; பாதையோ விலையோ மாறினால் அன்றே திருத்த வேண்டும். இதற்கு எந்த நிறுவனத்துக்கும் மாதச் சந்தா கட்ட வேண்டியதில்லை.