மாத்திரையை நிறுத்திவிட்டு நோற்கும் நோன்பு

நோயாளிக்கு நோன்பில் சலுகை உண்டு என்று மதரஸாவில் பாடம் நடத்தும்போதெல்லாம் காய்ச்சலையும் சர்க்கரை நோயையுமே நாங்கள் உதாரணமாகக் காட்டி வந்தோம். மனநோயைச் சொன்னதில்லை. அந்தக் குறை எங்களுடையதே.

ஒரு ரமளானில், ஜவ்வாது மலையில் வாழும் தாய் ஒருவர் எங்களிடம் வந்தார். "ஹஜ்ரத், மாத்திரை போட்டால் நோன்பு முறிந்துவிடும் என்று மகன் நிறுத்திவிட்டான். பத்து நாளாக உறக்கமே இல்லை" என்றார்.

பகலில் மாத்திரை விழுங்கினால் நோன்பு முறியும் என்பது உண்மைதான். ஆனால் அவன்மீது அந்த நோன்பு அப்போது கடமையா என்பதன்றோ முதற்கேள்வி? அல்பகரா அத்தியாயத்தின் 184, 185ஆம் வசனங்கள், நோயாளி வேறு நாட்களில் நோற்றுக்கொள்ள அனுமதியளிக்கின்றன. உடல்நோய், மனநோய் என்ற பாகுபாடு அங்கே இல்லை. குணமடைபவர் பின்னர் களா செய்யலாம். நீங்காத நோயுடையவர் ஏழைக்கு உணவளித்து ஃபித்யா கொடுக்கலாம்.

இருமுனை மனநோய்க்குத் தரப்படும் லித்தியம் மாத்திரையை எடுத்துக்கொள்வோம். உடலில் நீர் குறைந்தால் இரத்தத்தில் அதன் அளவு உயர்ந்து நஞ்சாகக்கூடும். கைநடுக்கம், வாந்தி, மனக்குழப்பம் தோன்றும். மாத்திரையை நிறுத்தினாலோ நோய் திரும்பும். தராவீஹுக்கும் ஸஹருக்கும் இடையே உறக்கம் குறைவதே சிலருக்கு நோயைக் கிளறிவிடும். மாத்திரை நேரத்தை மாற்றி நோன்பு நோற்கக் கூடியவர்களும் உண்டு. அதை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவரே, உறவினர் அல்லர். மலையிலிருந்து போளூருக்கோ திருப்பத்தூருக்கோ இறங்குவது எளிதன்று. ஆகவே ஷஅபான் மாதத்திலேயே கேட்டுவிடுவது நல்லது. 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் தமிழிலும் பேசலாம்.

மனநோயை நோயென்று ஏற்கத் தயங்கியதன் விலையை நாம் அறியாதவர்கள் அல்லர். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு காப்பகம் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்களுள் 28 பேர் மாண்டனர். மருத்துவமனைக்குச் செல்ல வேண்டியவர்களைத் தர்காவில் விட்டுச்சென்ற குடும்பங்கள் அன்று எத்தனையோ!

நோன்பை விட்ட நோயாளியை வாட்டுவது பசியன்று, "இன்று நோன்பா?" என்ற கேள்வியே. வீட்டிலும் பள்ளிவாசல் வாசலிலும் அதைக் கேட்காதிருக்க நாம் பழக வேண்டும்.

அந்தத் தாயின் மகன் மீண்டும் மருந்து உண்ணத் தொடங்கினான். எஞ்சிய நாட்களில் இஃப்தாருக்குக் கஞ்சி ஊற்றும் பொறுப்பை அவனிடம் கொடுத்தோம். ஒருவர் மட்டும் அவனிடம் அக்கேள்வியைக் கேட்டார்; அவரைத் தனியே அழைத்துப் பேசினோம்.