மூன்று நிமிடத்தில் அறிவியல்

அறிவியலாளர் ஒருவர் பொதுமக்கள் முன் தோன்றி, மூன்றே நிமிடங்களில் தம் துறையின் ஒரு கருத்தைச் சுவைபடச் சொல்லி முடிக்க வேண்டும். இங்கிலாந்தின் செல்டனம் அறிவியல் விழாவில் 2005இல் தொடங்கிய ஃபேம்லேப் போட்டியின் விதி இது. 2008இல் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகம் ஆய்வு மாணவர்களுக்கென ஏற்படுத்திய போட்டியிலும் அதே மூன்று நிமிடம்தான்.

இத்தகைய பேச்சுகள் அறிவியலைத் துணுக்குகளாக்கிவிடும் என்று அஞ்சுவோர் உண்டு. கதையாகச் சொல்லிவிட்டால் எதுவும் புரிந்துவிடும் என்று நம்புவோரும் உண்டு. இரு தரப்பாரும் மையமான கேள்வியைத் தவறவிடுகிறார்கள் என்றே நமக்குத் தோன்றுகிறது. சிக்கல் நீளத்தில் இல்லை, எதைச் சொல்லாமல் விடுகிறோம் என்பதில் இருக்கிறது. சிறுகதை வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நியூட்டனின் ஆப்பிளையே எடுத்துக்கொள்வோம். ஆப்பிள் விழுந்தது, மேதைக்கு ஞானம் பிறந்தது, உலகம் ஈர்ப்பு விசையை அறிந்தது. மேடைக்கு உகந்த கதைதான். ஆனால் அதன் அமைப்பு தலபுராணத்தினுடையது. 1666ஐ ஒட்டி முளைத்த எண்ணம் 1687இல் நூலாகும்வரை கடந்த இருபது ஆண்டுகள் இதில் காணாமல் போகின்றன. கேட்பவருக்கு மிஞ்சுவது வியப்பு மட்டுமே.

அதே மூன்று நிமிடங்களில் வேறு கதையும் சொல்லலாம். ஆப்பிள் விழுகிறது, நிலவு ஏன் விழவில்லை? உண்மையில் அதுவும் விழுந்துகொண்டேதான் இருக்கிறது. பக்கவாட்டில் விரைந்து செல்வதால் பூமியை வந்து சேர்வதில்லை. ஆப்பிள் முதல் நொடியில் விழும் தொலைவு 4.9 மீட்டர். பூமியின் மையத்திலிருந்து நிலவு, ஆப்பிளைப்போல் ஏறத்தாழ 60 மடங்கு தொலைவில் இருக்கிறது. தொலைவின் வர்க்கத்துக்கு ஏற்ப விசை குறையுமானால், நிலவு ஒரு நொடியில் விழுவது அதில் 3600இல் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 1.4 மில்லிமீட்டராக இருக்க வேண்டும். நிலவு பூமியைச் சுற்றிவர எடுக்கும் 27 நாட்களைக்கொண்டு, அதன் பாதை நொடிக்கு எவ்வளவு வளைகிறது என்று தனியே கணக்கிட்டாலும் அதே விடை வருகிறது. இரு வேறு வழிகளில் வந்த எண்கள் சந்திக்கும் அந்த இடமே கதையின் உச்சம். இங்கே கேட்பவர் வியப்பதோடு நிற்பதில்லை; அவரும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் 1848இலும் 1860இலும் இளையோருக்காக மெழுகுவத்தியைப் பற்றி உரையாற்றிய மைக்கேல் ஃபாரடே இந்தக் கலையை நன்கறிந்தவர். வத்தியை அணைத்து, எழும் புகையின் அருகே நெருப்பைக் கொண்டுசென்றால், சுடர் தாவித் திரியைப் பற்றிக்கொள்ளும். எரிவது மெழுகின் ஆவி என்பதை நிறுவ அவருக்குச் சில நொடிகளே போதுமாயிருந்தன. அவையிலிருந்த சிறுவன் வீட்டுக்குப் போய் அதைச் செய்துபார்த்திருக்க முடியும்.

ஃபாரடேயும் ஒரு காலத்தில் இத்தகைய அவையில் அமர்ந்திருந்தவர்தாம். கொல்லரின் மகனான அவர் புத்தகம் கட்டும் தொழில் பழகியவர். 1812இல் அதே நிறுவனத்தில் ஹம்ப்ரி டேவியின் உரைகளைக் கேட்டுக் குறிப்பெடுத்து, அவற்றை நூலாகக் கட்டி டேவிக்கே அனுப்பினார். மறு ஆண்டு அங்கு உதவியாளரானார். கேட்க வந்தவரைப் பாமரர் என்று எண்ணி இறங்கிவந்து பேசுகிறவர்கள் இதை நினைவில் கொள்வது நல்லது.

உள்ளடக்கம், தெளிவு, ஈர்ப்பு என்ற மூன்றையும் ஃபேம்லேப் அளவுகோல்களாக வைத்தது. நாம் நான்காவதாக ஒன்றைக் கேட்போம்: 'இது உங்களுக்கு எப்படித் தெரியும்?' என்ற கேள்விக்குப் பேச்சில் இடமிருந்ததா? சுருக்கத்தின் பொருட்டுப் பெயர்களையும் கலைச்சொற்களையும் விட்டுவிடலாம். சோதித்தறிந்த அந்த ஒரு படியை விட்டுவிட்டால், அறிவியலாளரின் பேச்சுக்கும் அற்புதங்கள் சொல்பவரின் பேச்சுக்கும் இடையே கேட்பவர் எந்த வேறுபாட்டைக் காண்பார்?