எட்டு லட்சத்தில் கைக்கு வருவது எவ்வளவு?

பாகூரில் நெல் விற்றுவிட்டு வரும் விவசாயி மொத்தத் தொகையைப் பார்த்து மயங்கமாட்டார். அறுப்பு மெஷின் வாடகை, உரம், ஆள் கூலி எல்லாம் கழித்த பிறகுதான் 'இந்தப் போகத்தில் இவ்வளவு நின்றது' என்பார். அதே வீட்டில் எம்.பி.ஏ. முடிக்கும் பிள்ளைக்கு வேலைக் கடிதம் வந்தால் மட்டும் கழித்தல் மறந்துபோகிறது. 'வருஷம் எட்டு லட்சமாம்' என்று தெருவுக்கே செய்தி போய்விடும்.

அந்த எட்டு லட்சம், சி.டி.சி. அதாவது, ஓர் ஊழியருக்காக நிறுவனம் ஓராண்டில் ஒதுக்கும் மொத்தச் செலவு. உதாரணத்துக்கு, அதில் 1,20,000 ரூபாய் இலக்கை எட்டினால் மட்டுமே கிடைக்கும் ஊக்கத்தொகை, அடிப்படைச் சம்பளம் 3,20,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். பி.எஃப்.புக்கு நிறுவனம் போடும் 12 சதவிகிதமும், பணிக்கொடைக்கு ஒதுக்குவதும் பெரும்பாலும் அதற்குள்ளேயே அடக்கம். ஊழியரின் பங்கு இன்னொரு 12 சதவிகிதம். எல்லாம் போக மாதம் கைக்கு வருவது 49,000-க்குள். வீட்டில் 66,000 என்று கணக்குப் போட்டிருப்பார்கள். பி.எஃப். பணம் சேமிப்புதான், எங்கும் போய்விடாது. ஆனால் அதை வைத்து மாத வாடகை கொடுக்க முடியாது.

பெங்களூரில் அறை, சாப்பாடு, பஸ் என்று 25,000 போனால் மிச்சம் 24,000. சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைப் பக்கம் ஊக்கத்தொகை கலக்காத ஐந்து லட்சம் கிடைத்து, வில்லியனூரிலிருந்து பைக்கில் போய்வந்தால்? அதே விகிதத்தில் பிடித்தம், 5,000 கைச்செலவு போக 31,000-க்கு மேல் நிற்கும். (அம்மா சமையலுக்கு யாரும் பில் போடுவதில்லை!) கல்விக்கடன் வாங்கிய வீட்டுக்கு இது சின்னத் தொகை அல்ல. படிப்பு முடிந்து ஓராண்டு வரை பொதுவாகத் தவணை இல்லை, வட்டி ஏறிக்கொண்டுதான் இருக்கும்.

அதற்காக உள்ளூரே போதும் என்று முடிவுகட்டவும் கூடாது. மூன்று வருஷம் பில் மட்டும் சரிபார்த்தவருக்கு, அடுத்த இன்டர்வியூவில் சொல்ல ஒன்றும் இருக்காது. 'மேனேஜ்மென்ட் டிரெய்னி' என்று பெயர் வைத்து, வீடு வீடாக பாலிசி விற்க அனுப்பும் பெங்களூர் வேலையும் அப்படித்தான். இரண்டு வருஷம் முன்பு அங்கே சேர்ந்த சீனியருக்கு ஒரு போன் போட்டால் பாதி விஷயம் தெரிந்துவிடும்.

கேம்பஸில் யோசிக்க நேரம் கிடைக்காது. பல கல்லூரிகளில் ஒரு வேலையை ஏற்றுவிட்டால் அடுத்த தேர்வில் உட்கார விடமாட்டார்கள். அதனால், கைக்கு எவ்வளவு வந்தால் சரி, எந்த ஊர் ஒத்துவராது என்று முன்கூட்டியே அப்பா, அம்மாவோடு பேசிவைத்தவர்கள் தடுமாறுவதில்லை. 'இரண்டு வருஷத்துக்குள் விலகினால் பணம் கட்ட வேண்டும்' என்ற பாண்டு நிபந்தனை சில கடிதங்களில் கடைசிப் பக்கத்தில் இருக்கும். எட்டு லட்சம் முதல் பக்கத்திலேயே இருக்கும்.