‘யோசனை எதற்கு?’ என்பவர்களுக்கு

திருப்பூரை அடுத்த திருமுருகன்பூண்டியில் காலை எட்டு மணிக்குக் கம்பெனி வேனுக்காகச் சாலையோரம் நிற்கும் இளைஞர்களுக்கு, வீட்டுப் பெரியவர்களும் கான்ட்ராக்டர்களும் சில சமயம் பள்ளி ஆசிரியர்களுங்கூட ஒரே குரலில் உபதேசித்துவரும் சித்தாந்தம் ஒன்று உண்டு. பனியன் தொழிலுக்கு வந்தவனுக்குக் கை ஓடினால் போதும். எனக்கு எது பொருந்தும், பத்து வருஷத்தில் நான் என்னவாக இருப்பேன் என்று உட்கார்ந்து யோசிப்பதெல்லாம் வயிறு நிறைந்தவன் பொழுதுபோக்கு. பாடுபட்டவன் முதலாளியானான், கனாக் கண்டவன் கைமடி வேலையிலேயே கிடந்தான் என்பது அதன் சாரம். அனுபவத்தின் வாக்குப்போல ஒலிப்பதனாலேயே இதை யாரும் எதிர்த்துக் கேட்பதில்லை. ஆதலால் அங்கம் அங்கமாக எடுத்துப் பரிசீலிப்பது நல்லது.

உழைப்பு ஒன்றினாலேயே உயர்ந்தார்கள் என்பது முதற் கூற்று. திருப்பூரில் கூலிக்காரராகத் தொடங்கிக் கம்பெனிக்காரரானவர்கள் ஏராளம் என்பதில் சந்தேகமில்லை. ஷரத் சாரி என்ற ஆராய்ச்சியாளர் இவர்களிடையே பல காலம் பழகி 2004-இல் ஒரு நூல் வெளியிட்டார். கொங்கு வேளாளக் கவுண்டர் சமூகத்திலிருந்து வந்த முதலாளிகள் பலர் தம் ஏற்றத்துக்குக் காரணமாக ‘உழைப்பு’ என்ற ஒரே வார்த்தையையே சொன்னதை அதில் அவர் எழுதியிருக்கிறார். அந்த வார்த்தைக்குப் பின்னால் நிலமும், சொந்தபந்தமும், சாதியும், தோட்டத்தில் ஆள் வைத்து வேலை வாங்கிய பழக்கமும் இருந்ததையும் எடுத்துக் காட்டியிருக்கிறார். காலை எட்டரைக்கு நுழைந்து இரவு எட்டரைக்கு வெளியேறும் ஒன்றரை ஷிப்ட் எல்லாருக்கும் பொது, வியர்வையும் பொது. எல்லாருக்கும் பொதுவான ஒன்று சிலருடைய உயர்வுக்கு மட்டும் எப்படிக் காரணமாக முடியும்? நிலமும் உறவும் ஒருபுறமிருக்க, கட்டிங் மேஜையருகே நின்றபடியே நூல் யாரிடம் எத்தனை நாள் கடனில் வருகிறது, சாயத்துக்கு எங்கே போகிறது, எந்த ஜாப் ஒர்க்கைத் தானே எடுத்துச் செய்ய முடியும் என்று மனத்துக்குள் கணக்கிட்டுப் பார்க்காத ஒருவர் தனிக் கம்பெனி தொடங்கியிருக்க முடியாது. தாம் செய்த அந்த யோசனையை மறந்துவிட்டு, நிலமும் இல்லாத பையனுக்கு வெறும் உழைப்பை மட்டும் சிபாரிசு செய்வது, சொல்பவர் அறியாமலே செய்கிற வஞ்சனை.

யோசிக்க அவகாசம் ஏது என்பது இரண்டாவது. பீஸ் ரேட்டுக்குத் தைப்பவர் நாள் முழுவதும் கணக்குப் போட்டுக்கொண்டேதான் இருக்கிறார். சனிக்கிழமைச் சம்பளம் கைக்கு வந்ததும் இந்தக் கம்பெனியா அடுத்த கம்பெனியா என்று தீர்மானிப்பதும் ஒரு யோசனையே. பஞ்சப்படிக்காக 1984-இல் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் நடத்திய திருப்பூர்ப் பனியன் தொழிலாளர்கள், அப்போது இல்லாத ஒரு கூலியை முதலில் மனத்தில் கண்டவர்கள்தாமே! யோசனை இல்லாமல் இல்லை. அது அடுத்த சனிக்கிழமையோடு நின்றுவிடுகிறது என்பதே குறை. எந்த வேலையில் எனக்கு அலுப்புத் தட்டுவதில்லை, எதில் என்னைத் தேடி வந்து கேட்கிறார்கள், நாற்பது வயதில் கண்பார்வை மங்கினால் ஓவர்லாக் மெஷினில் என் நிலை என்ன என்ற கேள்விகளுக்கு ஞாயிற்றுக்கிழமையின் அரைமணி நேரம் போதும்.

மூன்றாவது கூற்று இந்த ஊருக்கே உரியது. பூண்டியில் கற்சிற்பக் கூடங்களும் பனியன் கம்பெனிகளும் அடுத்தடுத்து இருப்பதால், கற்பனை சிற்பிக்கு வேண்டும், டைலருக்கு எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். உண்மை நேர்மாறானது என்பேன். சிற்பக் கூடத்தில் கற்றுக்கொள்ள வந்த பையன், முரட்டுக் கல்லில் கோடு வரைவது முதல் கண் திறப்பது வரை முழு வேலையும் தன் கண்ணெதிரே நடக்கக் காண்கிறான். சிலை எந்தக் கோயிலுக்குப் போகிறது என்பதையும் அறிகிறான். அடுத்த படி எது என்று அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. கம்பெனியிலோ கழுத்துப் பட்டி வைப்பவள் கழுத்துப் பட்டியையே காண்கிறாள். துணி வந்த வழியும் தெரியாது, பெட்டி போகிற தேசமும் தெரியாது. வேலையே முழுமையைக் காட்டிக்கொடுக்கும் இடத்தில் கற்பனைக்குச் சிரமம் குறைவு. துண்டு துண்டாக மறைக்கும் இடத்தில்தான் அது பிரயத்தனப்பட்டுப் பழக வேண்டிய காரியமாகிறது.

கனவு ஆளைக் கவிழ்த்துவிடும் என்ற அச்சத்தில் மட்டும் சிறிது நியாயம் உண்டு. கோயமுத்தூர்ப் பக்கத்துக் கலங்கலில் 1893-இல் பிறந்த கண்டுபிடிப்பாளர் ஜி.டி. நாயுடுவின் சரித்திரத்தில் இரு பக்கத்துக்கும் சாட்சியம் இருக்கிறது. வெள்ளைக்காரர் ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கண்டு, அதை வாங்குவதற்காகவே கோயமுத்தூரில் ஹோட்டல் வேலை பார்த்துப் பணம் சேர்த்து, வாங்கியதும் அக்கக்காகக் கழற்றிப் பார்த்தவர் அவர். திருப்பூரில் பஞ்சுத் தொழிலில் சம்பாதித்ததைப் பம்பாய்ப் பருத்தி வியாபாரத்தில் இழந்தவரும் அவரே. 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றைப் பஸ்ஸை ஓட்டத் தொடங்கிய பிறகே அவருடைய காலம் திரும்பியது. அவரைக் கவிழ்த்தது கற்பனை என்று எனக்குத் தோன்றவில்லை. இயந்திரத்தோடு பேசத் தெரிந்த கை, விலைச் சூதாட்டத்துக்குப் போனதுதான் பிசகு. தன்னை அறியாத கனவு ஆபத்தானது என்றால் அதற்குப் பரிகாரம் ஆத்ம பரிசோதனையே தவிர, கனவைத் தடைசெய்வதன்று.

ஒரே வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருப்பதே பத்திரம் என்பாரும் உளர். நொய்யல் ஆற்றில் கழிவு கலந்ததன் பொருட்டு 2011 ஜனவரியில் உயர்நீதிமன்ற உத்தரவினால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோதும், 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி விதித்தபோதும், ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்தவர்களின் ஒழுங்கு அவர்களைக் காப்பாற்றவில்லை. அத்தகைய சந்தர்ப்பத்தில் வேறு எதற்கு நான் உதவுவேன் என்பதை முன்கூட்டியே யோசித்து வைத்தவனுக்கு, கதவு மூடிய அன்று தட்டுவதற்கு இரண்டாவது கதவாவது தெரிந்திருக்கும்.

இறுதியாக, பெண்களுக்கு இருக்கிற வேலையே மேல் என்ற கூற்று. தையலிலும் செக்கிங்கிலும் நிறைந்திருக்கும் பெண்களுள் கட்டிங் மாஸ்டரானவர்களைக் காண்பது அரிது. தன்னைப் போன்ற ஒருத்தி அந்த மேஜையருகே நிற்பதை ஒருபோதும் காணாதவளுக்கு ஆசை இல்லை என்று முடிவுகட்டுவது நியாயமா? காணாததைக் கற்பனை செய்வது யாருக்கும் கடினம். இரவு வேனும் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளும் இல்லாத வீட்டில் ஆத்ம பரிசோதனை மட்டும் அவளை மேலே ஏற்றிவிடும் என்றும் நான் சொல்லவில்லை. இந்த ஒரு விஷயத்தில் முதலில் யோசிக்க வேண்டியவர்கள் கம்பெனிக்காரர்கள்: கைதேர்ந்த டைலர் பெண் ஒருத்திக்குக் கட்டிங் மேஜையில் ஒரு மாதம் இடம் கொடுத்தால் எவ்வளவு நஷ்டம் வரும் என்பதை அவர்கள் கணக்குப் பார்த்துச் சொல்லட்டும்.