கசப்பு நீரும் கற்பித்த நஞ்சும்

வேதாகமத்தில் எண்ணாகமம் ஐந்தாம் அதிகாரத்தில், மனைவியின் கற்பில் ஐயங்கொண்ட புருஷன், சாட்சி ஏதும் இல்லாதபோது, அவளை ஆசாரியனிடம் அழைத்துச் சென்று கசப்பு நீர் பருகச் செய்யும் விதி ஒன்று உண்டு. அந்நீர் கொடிய விஷமென்றும், கருவைக் கலைக்கும் கஷாயமென்றும், அதைக் கொடுத்தே பண்டை எபிரெயக் குருமார் அபலைப் பெண்களைத் தீர்த்துக் கட்டினர் என்றும் ஓர் அபிப்பிராயம் நெடுங்காலமாக உலவி வருகிறது. பகுத்தறிவின் பெயரால் இதைப் பரப்புவோர் மூலநூலைப் புரட்டிப் பார்க்கும் சிரமத்தை மேற்கொண்டதாகத் தெரியவில்லை.

அக்கோப்பையில் இருந்தவை யாவை? மண்பாண்டத்தில் வார்த்த பரிசுத்த ஜலம், வழிபாட்டுக் கூடாரமாகிய வாசஸ்தலத்தின் தரையிலிருந்து எடுத்த புழுதி, சுருளில் எழுதிய சாபங்களை அந்த ஜலத்திலேயே கழுவியதால் கரைந்த மை: வேதம் கூறுவது இவ்வளவே. பிற்காலத்து எருசலேம் ஆலயத்தில் இச்சடங்கு நடந்த முறையை விவரிக்கும் யூதச் சட்டத் தொகுப்பாகிய மிஷ்னா, ஒரு முழச் சதுரத்தில் பதித்திருந்த சலவைக்கல்லை அதிலிருந்த வளையத்தைப் பிடித்துத் தூக்கி, அதனடியிலிருந்து ஆசாரியன் புழுதி எடுத்தான் என்பது வரையில் நுணுக்கமாகச் சொல்கிறது. மையைப் பற்றியோ அது இன்னும் கண்டிப்பாக இருக்கிறது. பிசின் கலந்த மையும் துத்தம் கலந்த மையும் தழும்பாகப் பதிந்துவிடும் ஆதலால், நீரில் கழுவினால் முற்றும் அழிந்துபோகும் சாதாரணக் கரிமையாலேயே எழுத வேண்டுமென்பது விதி. நஞ்சூட்ட நினைத்தவர்கள் துத்தத்தையா விலக்கியிருப்பார்கள்?

குற்றமற்றவள் அதே நீரைப் பருகி யாதொரு தீங்குமின்றிக் கருத்தரிப்பாள் என்று அவ்விதியே வாக்களிக்கிறது. பத்தினி எவள், பரத்தை எவள் என்று விசாரித்துக் குடலில் இறங்கும் விஷத்தை எந்த வைத்தியனும் கண்டதில்லை. கருக்கலைப்பு என்ற வாதமும் நிற்காது. நீர் பருகுகிறவள் கர்ப்பிணியாயிருக்க வேண்டுமென்று அவ்வதிகாரம் எங்குமே சொல்லவில்லை. குற்றவாளியின் முகம் பருகியவுடனே மஞ்சளாகிக் கண்கள் பிதுங்கும் என்று மிஷ்னா எழுதியிருக்கிறதே என்பார்கள். உண்மைதான். ஆனால், அவளிடம் புண்ணியம் இருப்பின் நீரின் பலன் ஓராண்டோ, ஈராண்டோ, மூன்றாண்டோ தள்ளிப்போகும் என்றும் அதே இடத்தில் எழுதியிருக்கிறது. புண்ணியக் கணக்குப் பார்த்து மூன்றாண்டு காத்திருக்கும் நஞ்சு எங்கே விளைகிறதோ, அறியேன்.

கி.மு. 18ஆம் நூற்றாண்டின் பாபிலோனிய மன்னன் ஹம்முராபியின் சட்டத்திலோ, பிற புருஷனோடு சேர்த்து ஊரார் விரல் நீட்டிய மனைவி, கையும் களவுமாகப் பிடிபடாதிருந்தும், கணவன் பொருட்டு ஆற்றில் குதிக்க வேண்டும். அங்கே ஆபத்து மெய்யானது; தப்புவதற்குத்தான் தெய்வத்தின் அருள் வேண்டும். எபிரெயரின் கோப்பையிலோ தண்டிப்பதற்குத்தான் அற்புதம் வேண்டும், தப்புவதற்கு ஒன்றும் வேண்டா.

இவ்வளவும் சொல்வது அச்சடங்குக்கு வக்காலத்து வாங்குவதற்காக அன்று. விஷத்தைத் தேடிச் செல்வோர் மெய்யான கொடுமையைக் காணாமல் கடந்துவிடுகிறார்கள் என்பதே என் குறை. மிஷ்னா கூறும்படி, ஆலயத்தின் கீழ்வாசலில் அப்பெண்ணை நிறுத்தி, ஆசாரியன் அவள் மேலாடையைப் பற்றி இழுப்பான். அது கிழிந்தால் கிழியட்டும். கூந்தலை அவிழ்ப்பான். வெள்ளுடை அணிந்திருந்தால் கறுப்புடை உடுத்துவார்கள். அவளை இழிவுபடுத்தவென்றே மூக்குத்தியையும் மோதிரத்தையும் கழற்றி, மார்புக்கு மேலே கயிற்றால் கட்டுவார்கள். வேடிக்கை பார்க்க விரும்பியவர் எவரும் வரலாம். அவளுடைய அடிமைகள் மட்டும் வரலாகாது, ஏனெனில் பழகிய முகத்தைக் கண்டால் அவள் மனம் தைரியம் கொண்டுவிடுமாம்! ஒரு வாய் நீர் உள்ளே செல்லுமுன்பே தண்டனை முடிந்துவிடுகிறது, குற்றமோ இன்னும் தீர்மானிக்கப்படவேயில்லை. அவள் நிரபராதி என்று வெளிப்பட்டாலும், அவளைச் சந்திக்கு இழுத்த கணவனுக்கு யாதொரு தோஷமுமில்லை என்று எண்ணாகமத்தின் அவ்வதிகாரத்துக் கடைசி வசனம் விடுதலை கொடுக்கிறது. கணவன்மேல் ஐயுற்ற மனைவி அவனைக் கொண்டுவந்து நிறுத்துவதற்கோ அங்கே விதியே கிடையாது. வழக்குத் தொடுக்க வேண்டுமானால் இந்த அநீதியின்மீது தொடுங்கள்.

இச்சடங்கை கி.பி. முதல் நூற்றாண்டில் நிறுத்தியவர் யோகனான் பென் சக்காய் என்ற யூத ஆசான். நீர் பருகி எவரேனும் இறந்தார் என்பது அவர் காட்டிய காரணமன்று. விபசாரம் பெருகிவிட்டது என்றார். ஆடவர் தாமே வேசியரோடு ஒதுங்கிச் செல்கையில் பெண்மக்களைத் தண்டிக்கமாட்டேன் என்று கடவுள் உரைத்ததாகக் கூறும் ஓசியா தீர்க்கதரிசியின் வசனத்தையே அதற்குப் பிரமாணமாக எடுத்துக் காட்டினார்.