கைதட்டினால் தீர்மானமா?

"ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது" என்கிற இரண்டு சொற்களை நம் ஊர் மினிட்ஸ் புத்தகங்களில் எழுதக்கூடாது என்று ஒரு பத்து வருஷத்துக்குத் தடை போட்டால் தேவலை. பென்ஷன்காரர் சங்கமோ, குடியிருப்போர் நலச் சங்கமோ, கோயில் கமிட்டியோ, எந்தப் புத்தகத்தைப் புரட்டினாலும் அதே இரண்டு சொற்கள். நாற்பது பேர் கூடிய இடத்தில் வருஷம் முழுக்க ஒருவருக்குக்கூட மாற்றுக் கருத்து வரவில்லையாம்! நமக்கு வயதாகிவிட்டது, இனித் திருந்துவது சிரமம், போகட்டும். பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளின் மன்றங்களிலும் இதையே பழக்குகிறோமே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

போன வருஷம் ஒரு கல்லூரியில் (பெயர் வேண்டாம்) மாணவர் மன்றம் ஒன்றின் ஆண்டுக் கூட்டத்துக்குச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டிருந்தார்கள். குத்துவிளக்கு, தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை எதற்கும் குறைவில்லை. பிறகு பொறுப்பாசிரியர் ஒரு காகிதத்தை எடுத்துப் புதிய தலைவர், செயலாளர், பொருளாளர் பெயர்களை வாசித்தார். "எல்லோருக்கும் சம்மதம்தானே? கைதட்டுங்கள்" என்றார். தட்டினார்கள். தேர்தல் முடிந்தது. பின் வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து, "சார், போன வருஷம் ஆளுக்கு நூறு ரூபாய் கட்டினோமே, அந்தக் கணக்கு?" என்றாள். "விருந்தினர் இருக்கும்போது இதெல்லாம் எதற்கும்மா? அப்புறம் பேசலாம், உட்கார்." உட்கார்ந்துவிட்டாள்.

அவள் கேட்டது குறுக்குப் பேச்சு அல்ல. ஆண்டுக் கூட்டம் கூட்டுவதே முக்கியமாக அந்தக் கணக்குக்காகத்தான். ஒரு வாரம் முன்னதாக நிகழ்ச்சி நிரலை எழுதி ஒட்டி, அதில் 'வரவு செலவு' என்று ஒரு வரி இருந்திருந்தால், அவளை உட்காரச் சொல்ல அந்த ஆசிரியருக்கு வாய் வந்திருக்காது. பிரெஞ்சில் இதை 'ஓர்த்ர் து ழூர்' என்போம், அன்றைய நாளின் ஒழுங்கு. எனக்கு அந்தப் பெயர்தான் பிடிக்கும். நம் நிரலில் குத்துவிளக்கு இருக்கிறது, நன்றியுரை இருக்கிறது, எதை முடிவு செய்யப் போகிறோம் என்பது மட்டும் இருப்பதில்லை.

"அதுதான் இளைஞர் நாடாளுமன்றம் நடத்துகிறோமே" என்பார்கள். 1962-ல் பம்பாயில் நடந்த அகில இந்தியக் கொறடாக்கள் மாநாட்டின் யோசனை அது. 1966-67-ல் டெல்லிப் பள்ளிகளில் ஆரம்பித்தார்கள். நோக்கம் நல்லது. ஆனால் மேடையில் நடப்பதென்ன? கேள்வியும் மனப்பாடம், மந்திரியின் பதிலும் மனப்பாடம். எதிர்க்கட்சி எந்த நிமிஷத்தில் வெளிநடப்புச் செய்ய வேண்டும் என்பதுகூட ஒத்திகையில் முடிவாகிவிடுகிறது. நூறு ரூபாய்க் கணக்கை எப்படிக் கேட்பது என்று அதில் எந்தப் பிள்ளைக்கும் தெரியப்போவதில்லை.

வேண்டியது கொஞ்சம்தான். கூட்டத்துக்குக் கோரம் உண்டா என்று முதலில் எண்ண வேண்டும். நம் மக்களவைக்கே பத்தில் ஒரு பங்கு உறுப்பினர் இருந்தால்தான் கூட்டம் செல்லும். ஒருவர் முன்மொழிய வேண்டும், இன்னொருவர் வழிமொழிய வேண்டும், அதன் பிறகுதான் பேச்சு. பேசுவது தலைவரைப் பார்த்து. ஒரு தடவை பேசியவர், பேசாதவர்களெல்லாம் பேசி முடிக்கிற வரை காத்திருக்க வேண்டும்.

திருத்தம் என்று ஒன்று இருக்கிறதே, அதில்தான் சூட்சுமம். மன்றப் பணத்தில் அரிக்கமேடு போய்வரலாம் என்று ஒரு பையன் முன்மொழிகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொருவனுக்குச் செஞ்சிக் கோட்டை பார்க்க ஆசை. நம் வழக்கப்படி என்ன கேட்போம்? "அரிக்கமேடா, செஞ்சியா, கை தூக்குங்கள்!" சுற்றுலாவே வேண்டாம், அந்தப் பணத்தில் புத்தகம் வாங்கலாம் என்று நினைக்கிறவன் எங்கே கை தூக்குவான்? முறைப்படி செய்தால், அரிக்கமேடு என்பதைச் செஞ்சி என்று மாற்றலாமா என்று திருத்தத்துக்கு முதலில் ஓட்டு. அது ஜெயித்தால், செஞ்சிக்குப் போவதா வேண்டாமா என்று தீர்மானத்துக்கு மறுபடி ஓட்டு. புத்தகக்காரனுக்கு இப்போது ஓர் இடம் கிடைத்துவிட்டது. அவன் தோற்கலாம். ஆனால் எத்தனை பேர் வேண்டாம் என்றார்கள் என்பது புத்தகத்தில் ஏறும்.

இந்த முறைகள் வக்கீல்களுக்கும் மந்திரிகளுக்கும்தான் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் கூட்ட நடைமுறைக்குப் பைபிள் மாதிரி வைத்திருக்கும் புத்தகத்தை எழுதிய ஹென்றி ராபர்ட் ஒரு ராணுவப் பொறியாளர். 1863-ல் நியூ பெட்ஃபோர்டு ஊரில் ஒரு சர்ச் கூட்டத்துக்குத் தலைமை தாங்கச் சொன்னார்கள். கூட்டம் அவர் கைக்கு அடங்கவில்லை. அந்த அவமானத்தில் படிக்க ஆரம்பித்து, 1876-ல் புத்தகம் போட்டார்.

பள்ளியில் எங்களுக்கு மிராபோவின் வீர உரையை நெட்டுருப் போட வைத்தார்கள். 1789-ல் அதே மிராபோ, சாமுவேல் ரொமிலி என்ற ஆங்கில வக்கீல் தொகுத்துக் கொடுத்த காமன்ஸ் சபை விதிகளைப் பிரெஞ்சில் கொண்டுவந்து சபையின் முன் வைத்தார், இங்கிலீஷ்காரன் சரக்கு நமக்கெதற்கு என்று தள்ளிவிட்டார்கள் என்பதை மட்டும் சொல்லவில்லை. அந்தச் சபையில் பலர் ஒரே நேரத்தில் எழுந்து நின்று கத்தியதை ஆர்தர் யங் என்ற பயணி நேரில் பார்த்து எழுதியிருக்கிறார்.

அவ்வளவு தூரம் எதற்கு, நம் கீழூரைப் பாருங்கள். 1954 அக்டோபர் 18. இந்தியாவோடு இணைவதா என்று 178 பிரதிநிதிகள் வாக்களித்தார்கள். ஆதரவு 170, எதிர்ப்பு 8. அன்றிருந்த உற்சாகத்தில் அந்த எட்டை விழுங்கிவிட்டு 'ஏகமனதாக' என்று எழுதியிருந்தால் யார் கேட்டிருப்பார்கள்? எழுதவில்லை. எட்டு என்றே எழுதினார்கள், இன்றும் எட்டு என்றே சொல்கிறோம். ஒரு நாட்டோடு சேர்கிற விஷயத்திலேயே எட்டுப் பேருக்கு வேண்டாம் என்று சொல்லவும் அது பதிவாகவும் வழி இருந்த ஊரில், ஒரு மாணவர் மன்றத்தில் நூறு ரூபாய்க் கணக்குக் கேட்க வழியில்லை!

ஓட்டெடுத்தால் பிள்ளைகள் கட்சி கட்டிக்கொள்வார்கள் என்று ஒரு பயம். ஓட்டில்லாமலே கட்டித்தான் இருக்கிறார்கள், வாட்ஸ்அப்பில் போய்ப் பாருங்கள். நேரமில்லை என்று இன்னொரு சாக்கு. அந்தக் கல்லூரியில் பொன்னாடைகளுக்கும் நினைவுப் பரிசுகளுக்கும் மட்டும் முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஒரு தீர்மானத்தைப் பேசி முடிக்கப் பத்து நிமிஷம் போதும்.

உங்களில் பலரையும் மன்றத் தொடக்க விழாக்களுக்குக் கூப்பிடுவார்கள். போங்கள். பொன்னாடையோடு செயலாளர் பையன் வருவான். "அது இருக்கட்டும் தம்பி, போன வருஷ மினிட்ஸ் புத்தகத்தைக் கொஞ்சம் கொண்டு வா" என்று கேளுங்கள். பொறுப்பாசிரியர் முகத்தைப் பார்க்க வேண்டாம், அந்தப் பையனையே பார்த்துக் கேளுங்கள்.