இறக்கம்தானே என்று இருக்காதீர்கள்!

"பெரியம்மா, ஹவாய் போறோம். ஹலேயாகாலா மலையில சைக்கிள் விடப் போறேன்!" தங்கை மகள் போனில் சொன்னதும் எனக்குப் பகீரென்றது. அவளுக்கு இது மூன்றாம் மாதம்!

மாவி தீவில் உள்ள தேசியப் பூங்கா அது. மலை உச்சி 10,023 அடி. முன்பெல்லாம் விடிவதற்குள் கூட்டமாக வேனில் ஏற்றிப் போய், சூரியோதயம் காட்டி, அங்கிருந்தே சைக்கிளில் இறக்குவார்கள். வழிகாட்டி முன்னால், வேன் பின்னால். மிதிக்கவே வேண்டாம், சைக்கிள் தானாக ஓடும். ஆபத்தே அதில்தான்! வளைவுக்கு வளைவு பிரேக் பிடித்துக் கை ஓய்ந்து போகும். குளிரில் விரல் வேறு விறைக்கும். உச்சியில் சில நாள் தண்ணீரே உறைந்து விடுமாம்.

2007-ல் ஒருவர் உயிரிழந்த பிறகு, பூங்காவுக்குள் கம்பெனிகள் நடத்திய சைக்கிள் பயணங்களை நிறுத்தி விட்டார்கள். இப்போது வேனிலேயே இறங்கி வந்து, எல்லைக்கு வெளியே சுமார் 6,500 அடியிலிருந்துதான் சைக்கிள். முகத்தையும் மூடும் ஹெல்மெட் தருகிறார்கள். கர்ப்பிணிகளைப் பொதுவாகச் சேர்ப்பதில்லை.

"வயிறு தெரியலையே, சொல்லாம ஏறிட்டா?" என்கிறாள், பாருங்கள்!

"கம்பெனிக்குத் தெரியாதுடி, விழுந்தா உனக்குத் தெரியும். உச்சிக்கு வேன்ல போறதுன்னாலும் டாக்டரைக் கேட்டுக்கிட்டுப் போ" என்றேன்.

இரண்டு நாள் பேசவில்லை. மாப்பிள்ளை மட்டும் சைக்கிளில் போனாராம். இவள் கடற்கரையில் உட்கார்ந்து அன்னாசிப்பழம் சாப்பிட்டாளாம். அதிலும் எனக்கு ஒரு திட்டு!